ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை: புதுப் பாகம் போட்ட சிஸ்டம் பூட் ஆகாவிட்டால் எங்கிருந்து தேடுவது?

ரேமை மாற்றி, புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டு, கூடவே ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியும் (போர்டிலேயே நேராகச் செருகும் வேக டிஸ்க்) சேர்த்திருக்கிறீர்கள். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன்கள் சுற்றுகின்றன, லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. மதர்போர்டு போய்விட்டதா, புதிதாக வாங்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

பெரும்பாலும் வாங்க வேண்டியிருக்காது. நேற்றுவரை ஓடிய போர்டு, பாகம் மாற்றிய அன்றே செத்துப்போவது அரிது. சரியாக உட்காராத ரேம், மாட்ட மறந்த பவர் கேபிள், புதுப் பாகத்தை அடையாளம் தெரியாத பழைய பயாஸ் (ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்), மாறிப்போன பூட் செட்டிங் ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் வழக்கமாக இருக்கும். ‘எது கெட்டது’ என்று தேடுவதைவிட ‘எந்தக் கட்டத்தில் நிற்கிறது’ என்று பாருங்கள். கரண்ட் வருகிறதா, பயாஸ் தன் சோதனையை முடிக்கிறதா, திரையில் படம் வருகிறதா, டிஸ்க் கிடைக்கிறதா, விண்டோஸ் ஏறுகிறதா என்று இது வரிசையாக நடக்கும் வேலை. நின்ற இடம் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். அதைப் பார்க்காமல் ஒவ்வொரு பாகமாக வாங்கி மாற்றுவது வீண் செலவு.

கேபினட்டில் கை வைக்கும் முன்பு எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் தரும் பவர் சப்ளை பெட்டி) சுவிட்சை அணைத்து, பவர் கார்டை உருவிவிட்டு, பவர் பட்டனை 15 வினாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் மிச்சமிருக்கும் சார்ஜ் அதில் இறங்கிவிடும். பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். கார்டை உருவிய பிறகும் அதன் உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கியடிக்கும் வோல்டேஜ் நிற்கும்.

மூன்று பாகங்களை ஒரே சமயத்தில் மாற்றியதுதான் இங்கே குழப்பத்தின் வேர். மூன்றையும் கழற்றிவிட்டுப் பழையதை அப்படியே திரும்பப் போட்டு ஆன் செய்து பாருங்கள். ஓடினால் போர்டு, சிபியு, எஸ்எம்பிஎஸ் மூன்றும் பிழைத்தன. பிறகு முதலில் ரேம், அடுத்து கார்டு, கடைசியில் எஸ்எஸ்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் முழுதாக பூட் செய்யுங்கள். பழைய பாகங்களோடும் ஓடவில்லை என்றால், மாற்றும்போது கை பட்டு வேறு ஏதோ அசைந்திருக்கிறது என்று அர்த்தம். கார்டை அழுத்தும்போது பக்கத்திலிருந்த கேபிள் தளர்ந்துபோவது அடிக்கடி நடப்பதுதான்.

உங்களுக்கு ஃபேன் சுற்றுகிறது. ஃபேன்கூட அசையாதவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முதலில் கேபினட்டின் பவர் சுவிட்ச் ஒயரைப் பாருங்கள். போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் முன்பேனல் பின்களில் அது ஒரு பின் தள்ளி மாட்டியிருந்தாலே சிஸ்டம் உயிர்வராது. ஒயரை உருவிவிட்டு, மேனுவலில் பவர் சுவிட்ச் என்று குறித்திருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு வினாடி தொட்டு விடுங்கள். ஆன் ஆனால் குறை சுவிட்சிலோ ஒயரிலோ. ஆகாவிட்டால் 24 பின் கனெக்டரை எடுத்து, கிளிப் ‘டக்’ என்று பிடிக்கும்வரை திரும்பச் செருகுங்கள். ஆன் ஆகி ஒரு வினாடிக்குள் பட்டென்று அணைகிறதென்றால் அது ஷார்ட். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள வெட்டிக்கொள்கிறது. புது போர்டு மாற்றியவர்கள் அதைக் கழற்றி, அடியில் போர்டைத் தாங்கி நிற்கும் பித்தளை ஸ்டாண்டாஃப்களை எண்ணிப் பாருங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்டாஃப் நின்றால், அதன் தலை போர்டின் பின்பக்கச் சால்டரைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது) மாற்றியவர்களுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களைப் புதியதில் மாட்டாதீர்கள். பாகத்தின் பக்கம் இருக்கும் முனைக்குப் பொதுவான தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கும் முனைக்குக் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கிடையேகூட ஒயர் வரிசை மாறும். முனை அழகாகப் பொருந்தும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும், ஹார்ட்டிஸ்க் அந்த நொடியே புகைந்துவிடும். உள்ளே இருக்கும் டேட்டாவும் அதோடு போகும்.

இனி உங்கள் நிலைமைக்கு வருவோம். ஃபேன் சுற்றுவதை வைத்து ‘கரண்ட் எல்லா இடத்துக்கும் போகிறது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபேன் சுற்ற 24 பின் கனெக்டரின் 12 வோல்ட்டே போதும். சிபியுவுக்குத் தனி 8 பின் கனெக்டர் உண்டு. போர்டின் மேல் இடது மூலையில், ஹீட்சிங்குக்கும் கேபினட் மேல்தட்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கும். அது கழன்றிருந்தால் எல்லா ஃபேனும் சுற்றும், சிபியு மட்டும் தூங்கும். இதே போல் இன்னொரு 8 பின் முனை கிராஃபிக்ஸ் கார்டுக்கு உண்டு. இரண்டையும் மாற்றிச் செருக முயன்று கெடுப்பவர்கள் இருக்கிறார்கள். சிபியு முனை 4 பின்னும் 4 பின்னுமாகப் பிரியும், கார்டு முனை 6 பின்னும் 2 பின்னுமாகப் பிரியும். 12 வோல்ட் ஒயர்களும் எர்த் ஒயர்களும் இரண்டிலும் எதிரெதிர் வரிசையில் இருப்பதால், பலவந்தமாகத் திணித்தால் நேரடி ஷார்ட். அழுத்தித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று தோன்றினால் அது தப்பான முனை.

கார்டுக்குப் போகும் கேபிளையும் கணக்குப் பாருங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். 6 பின் கேபிள் இன்னொரு 75 வாட் தரும், 8 பின் கேபிள் 150 வாட் தரும். பவர் முனை உள்ள கார்டில் அதை மாட்டாமல் விட்டால் கார்டின் ஃபேன் சுற்றும், படம் வராது. இரண்டு முனை இருந்தால் இரண்டையும் மாட்ட வேண்டும், அதுவும் முடிந்தவரை தனித்தனி கேபிளில். புதிய 16 பின் முனை கடைசி மில்லிமீட்டர்வரை உள்ளே போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அரைகுறையாக மாட்டிய 16 பின் முனை சூடேறி உருகும்.

அடுத்தது, கேட்கவே சங்கடமாக இருந்தாலும் கேட்டாக வேண்டிய கேள்வி: மானிட்டர் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது? புதுக் கார்டு போட்ட பிறகும் பழைய பழக்கத்தில் போர்டின் எச்டிஎம்ஐயிலேயே மாட்டியிருந்தால், பல போர்டுகளில் அந்தப் போர்ட் தானாக அணைந்துபோயிருக்கும். கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. கார்டைக் கழற்றிவிட்டுச் சோதிக்கிறேன் என்று போர்டின் போர்ட்டில் மாட்டினால், சிபியுவில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருந்தால்தான் படம் வரும். இன்டெல்லில் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் அது இல்லை. ஏஎம்டி ரைசன் 5000 வரிசையின் டெஸ்க்டாப் சிபியுக்களில் எண்ணுக்குப் பின் ‘ஜி’ வருபவற்றில் மட்டுமே உண்டு. டிஸ்பிளேபோர்ட்டில் படம் வராவிட்டால் ஒருமுறை எச்டிஎம்ஐ வழியாகவும் பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் போர்டையே கேளுங்கள். இப்போதைய பல போர்டுகளின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய நான்கு சிறிய லைட்டுகள் இருக்கும். ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் வேலை நின்றிருக்கிறது. டிராம் என்பது ரேம், விஜிஏ என்பது கார்டு. விலை கூடிய போர்டுகளில் இரண்டிலக்கக் குறியீடு காட்டும். ஏஎம்ஐ நிறுவனத்தின் பயாஸில் 55 என்றால் ரேம் தெரியவில்லை என்று பொருள், டி6 என்றால் படம் காட்ட வழி கிடைக்கவில்லை என்று பொருள். லைட்டும் இல்லை, குறியீடும் இல்லை என்றால், நான்கு பின் ஸ்பீக்கர் முனையில் ஒரு சிறிய பஸ்ஸரை மாட்டி பீப் கேளுங்கள். ஒரு நீள பீப்பும் இரண்டு மூன்று குட்டி பீப்பும் வந்தால் பெரும்பாலும் கார்டு; நீள பீப் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் ரேம். பயாஸுக்கு பயாஸ் இது மாறும் என்பதால் மேனுவலில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றிய பாகம் ரேம் என்பதால், என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். ரேமை இரு முனையிலும் கட்டைவிரலால் சமமாக அழுத்த வேண்டும். ஒருபக்க லாட்ச் மட்டுமே உள்ள போர்டுகளில் மறுமுனை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கி நிற்பது கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் பார்த்தால், தங்கநிறத் தகடுகளின் வரிசை ஸ்லாட் விளிம்புக்கு மேல் ஒரே அளவில் தெரிய வேண்டும். சாய்வாகத் தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை. ஸ்லாட்டும் முக்கியம். நான்கு ஸ்லாட் போர்டில் ஒரே ரேம் என்றால் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட், இரண்டு ரேம் என்றால் இரண்டாவதும் நான்காவதும். பெரும்பாலான போர்டுகளில் சிக்னல் சுத்தமாகப் போய்ச் சேர்வது அந்த ஸ்லாட்களில்தான். ரேமின் தகடுகளை அழிரப்பரால் தேய்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நான் பரிந்துரைக்க மாட்டேன். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழும், தங்கப்பூச்சும் தேயும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் ஒருமுறை துடைத்து, காயவிட்டுப் போடுவது நல்லது.

புது ரேமைப் பழைய ரேமோடு கலந்து போட்டிருந்தால், பழையதை எடுத்துவிட்டுப் புதியதில் ஒன்றை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். பிறகு அடுத்ததை மட்டும். தனித்தனியாக ஓடி, சேர்த்தால் நிற்கிறதென்றால் ரேம் கெடவில்லை; இரண்டும் ஒத்துப்போகவில்லை. பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ செட்டிங் அணைத்திருக்கிறதா என்று பார்த்து, அடிப்படை வேகத்தில் ஓடவிடுங்கள்.

டிடிஆர்5 ரேம் என்றால் பொறுமையும் வேண்டும். புது ரேமைக் கண்டதும் போர்டு அதன் டைமிங்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பதிவு செய்துகொள்ளும். மெமரி டிரெய்னிங் என்பார்கள். அது முடியும்வரை திரை கறுப்பாகவே இருக்கும், டிராம் லைட் எரிந்துகொண்டே இருக்கும், சில போர்டுகளில் தானாகவே அணைந்து மீண்டும் ஆன் ஆகும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டில் நான்கு ரேம் போட்டால் இது பல நிமிடம் இழுக்கும். செத்துவிட்டது என்று நினைத்து ஒரு நிமிடத்தில் அணைத்தால் அடுத்தமுறை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். முதல்முறை 15 நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். மூன்று பாகத்தையும் ஒன்றாகப் போட்ட அன்று நீங்கள் அவசரப்பட்டு அணைத்திருந்தால், உங்கள் பிரச்சினை இதுவாகவே இருக்கலாம்.

அதற்கும் அசையாவிட்டால் சிமாஸை, அதாவது பயாஸ் செட்டிங்குகள் சேமித்திருக்கும் இடத்தை, அழியுங்கள். பவர் கார்டை உருவி, சிஆர்2032 என்ற வட்ட பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிட்டு, 10 நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். போர்டில் அதற்கென்று ஜம்பர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். பழைய பேட்டரியை மல்ட்டிமீட்டரில் பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், நன்றாகக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஆனால் அழிப்பதற்கு முன் ஒரு விஷயம்: அதோடு டிஸ்க் செட்டிங்கும் போகும். விண்டோஸ் நிற்கும் இடத்தில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

சிபியு மாற்றியவர்கள் லைட்டைப் பார்க்கும் முன்பே போர்டு நிறுவனத்தின் தளத்தில் சிபியு ஆதரவுப் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். சாக்கெட்டில் பொருந்துகிறது என்பதால் ஓடும் என்று சொல்ல முடியாது. 2017இல் வந்த இன்டெல் 8ஆம் தலைமுறை சிபியு, 6, 7ஆம் தலைமுறை போர்டுகளின் அதே எல்ஜிஏ1151 சாக்கெட்டில் உட்காரும். அந்தப் போர்டுகளில் ஓடாது. பி450 போர்டில் ரைசன் 5000 ஓடும், ஆனால் பயாஸ் பழையதாக இருந்தால் சிபியு லைட்டிலேயே நிற்கும். பி660 போர்டில் 13ஆம் தலைமுறை இன்டெல்லுக்கும் இதே கதை. பழைய சிபியு கையில் இருந்தால் அதைப் போட்டு பயாஸை அப்டேட் செய்யுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா பாருங்கள். எஃப்ஏடி32ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவில், மேனுவல் சொல்லும் பெயரில் பயாஸ் ஃபைலை வைத்து, அதற்கென்று குறித்த யுஎஸ்பி போர்ட்டில் செருகிப் பட்டனை அழுத்தினால், சிபியு இல்லாமலே அப்டேட் ஆகும். லைட் மின்னி முடியும்வரை கரண்டை எடுக்காதீர்கள்.

சிபியுவைக் கழற்றிப் போட்டவர்கள் சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறதா என்று லைட்டைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஒளி எல்லாப் பின்னிலும் ஒரேபோல் பட வேண்டும். ஒரு புள்ளி மட்டும் விலகித் தெரிந்தால் அதுதான் வளைந்த பின். இரண்டு ரேமில் ஒரு பக்கம் மட்டும் தெரியாமல் போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், கூலர் ஸ்க்ரூவை ஒருபக்கமாக அதிகம் இறுக்கியதும் காரணமாக இருக்கலாம்.

கார்டு பற்றி இரண்டு குறிப்பு. பழைய கார்டைப் புதுப் போர்டில் போட்டவர்களுக்கு, கார்டில் யுஇஎஃப்ஐ (புதிய வகை பயாஸ்) ஆதரவு இல்லாமல் போர்டில் சிஎஸ்எம் (பழைய பயாஸ் முறைக்கு இடம் தரும் செட்டிங்) அணைந்திருந்தால் படம் வராது. கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் போட்டவர்கள், அது பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறைக் கேபிளா என்று பார்க்க வேண்டும். நான்காம் தலைமுறைக் கார்டோடு அது சேராது. போர்டில் நேரடியாகச் செருகி, பயாஸில் ஸ்லாட் வேகத்தை ஜென் 3 ஆக்கிவிட்டு, பிறகு ரைசரை மாட்டலாம்.

படம் வந்து, பயாஸுக்குள் போக முடிந்து, ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று நின்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். முதலில் பயாஸில் பழைய டிஸ்க் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் உங்கள் புது எஸ்எஸ்டிதான் அதை மறைத்திருக்கும். பல போர்டுகளில் எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டும், ஹார்ட்டிஸ்க் கேபிள் மாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்குபோடுகின்றன. எம்.2வில் எஸ்எஸ்டி ஏறியதும் அந்த சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். எந்த எண் என்று மேனுவலில் சிறிய எழுத்தில் இருக்கும். ஹார்ட்டிஸ்க் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

டிஸ்க் தெரிந்தும் பூட் ஆகவில்லையா? பழைய விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில் போட்டதாக இருந்து, சிஎஸ்எம் அணைந்திருந்தால் போர்டு அதைக் கண்டுகொள்ளாது. சிஎஸ்எம்மை ஆன் செய்து பாருங்கள். பூட் ஆனதும் பேக்கப் எடுத்துவிட்டு, விண்டோஸில் உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றி, சிஎஸ்எம்மைத் திரும்ப அணைப்பதுதான் நிரந்தர வழி. பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு குளோன் (முழு நகல்) செய்தவர்கள், முதல் பூட்டில் பழைய டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். ஒரே அடையாளத்தோடு இரண்டு டிஸ்க் நின்றால் பூட்லோடர் எதைப் பிடிப்பது என்று குழம்பும்.

விண்டோஸ் லோகோ வந்து ‘இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்’ என்ற நீலத்திரை வந்தால், நான் மேலே சொன்ன சிமாஸ் விஷயம் இதுதான். முன்பு ரெய்டு அல்லது விஎம்டி முறையில் இருந்த டிஸ்க் செட்டிங் (போர்டு டிஸ்க்கைக் கையாளும் முறை), சிமாஸை அழித்ததும் ஏஎச்சிஐக்கு மாறியிருக்கும். முன்பிருந்ததையே திரும்ப வையுங்கள். எது இருந்தது என்று நினைவில்லாவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம், டேட்டாவுக்கு ஆபத்தில்லை. ‘ரெய்டு உருவாக்கு’, ‘இனிஷியலைஸ்’ என்று எதையாவது கேட்டால் மட்டும் தொடாதீர்கள். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். போர்டையோ சிபியுவையோ மாற்றினாலும், அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம்மில் உள்ளது அழிந்தாலும் அது கேட்பது இயல்பு. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், வேறொரு சாதனத்திலிருந்து பாருங்கள். அது கிடைக்கும்வரை ரீஇன்ஸ்டால் பக்கம் போகாதீர்கள்.

இவற்றில் எதுவும் பலிக்கவில்லை என்றால், போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, சிபியு, கூலர், ஒரு ரேம், 24 பின், 8 பின் இவற்றோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள். சிபியுவில் கிராஃபிக்ஸ் இல்லாவிட்டால் கார்டும் வேண்டும். வெளியே ஓடி உள்ளே நின்றால் கேபினட்டில் ஷார்ட். வெளியேயும் நின்றால், எஸ்எம்பிஎஸ்ஸை இன்னொரு சிஸ்டத்திலிருந்து இரவல் வாங்கி, அதன் சொந்தக் கேபிள்களோடு மாட்டிச் சோதியுங்கள். மல்ட்டிமீட்டர் இருந்தால் ஓடும்போது 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் இடையில், 5 வோல்ட் லைன் 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் சரி, ரேம் இன்னொரு சிஸ்டத்தில் ஓடுகிறது, கார்டும் ஓடுகிறது என்று உறுதியான பிறகுதான் போர்டையும் சிபியுவையும் சந்தேகப்பட வேண்டும். அப்போது சர்வீஸுக்குக் கொண்டுபோகும்போது போர்டின் மாடல், பயாஸ் வெர்ஷன், ரேம் லேபிளில் இருக்கும் பார்ட் நம்பர், எந்த லைட் அணையாமல் நின்றது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வேலை பாதி நேரத்தில் முடியும்.